ஜாக்கி பதில்கள்: சனி நியூபரி, ஞாயிறு எக்ஸிட்டர்

(இங்கிலாந்தில் ஹர்டில் எனப்படும், தடை தாண்டும் குதிரைப் பந்தயங்களில் ஓட்டும் ஜாக்கி, இந்த வாரக் கடைசியில் நியூபரி, எக்ஸிட்டர் மைதானங்களில் தான் ஏறவிருக்கும் இரண்டு பந்தயங்களை வைத்து வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

சனிக்கிழமை நியூபரியில் யார் ஜெயிப்பார்? எனக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லுங்களேன்.

ரகசியமாகச் சொன்னால் லைசென்ஸ் போய்விடும். ஜாக்கி பந்தயத்தில் பணம் கட்டக்கூடாது; காசு வாங்கிக்கொண்டு யார் காதிலும் உள்விஷயம் ஓதக்கூடாது. பத்திரிகையில் எல்லாருக்கும் சொல்லலாம் என்பதால் சத்தமாகவே சொல்கிறேன்: என் குதிரைக்கு வாய்ப்பு உண்டு. ஆனால் இது ஹேண்டிகேப். முன்பு நன்றாக ஓடிய குதிரைக்கு முதுகில் ஈயத் தகடு கூடும். எடை போடுகிற அதிகாரியின் கணக்குப்படி எல்லாக் குதிரைகளும் ஒரே நொடியில் கோட்டைத் தொடவேண்டும். அவர் எங்கே கோட்டை விட்டார் என்று தேடுவதுதான் மற்ற எல்லாருக்கும் பிழைப்பு.

உங்கள் குதிரை எப்படி?

ஆறு வயதுப் பெட்டை. கெட்டிக்காரி. ஒரே ஒரு குணம், தாண்டும்போதெல்லாம் இடப்பக்கம் ஒதுங்குவாள். கெம்ப்டன், சாண்டவுன் மாதிரி வலப்பக்கம் சுற்றும் மைதானங்களில் இது பெரும் தலைவலி. ஒவ்வொரு தடையிலும் ஒரு குதிரை நீளம் வெளியே போனால், இரண்டு மைலில் எட்டுத் தடைக்கு எட்டு நீளம். பந்தயம் அங்கேயே கைநழுவிவிடும். நியூபரி இடப்பக்கம் சுற்றுவது. அவள் ஒதுங்கினாலும் உள்வேலிப் பக்கம்தான் ஒதுங்குவாள், எனக்கு லாபம்.

சிக்கல் வேறு இடத்தில். உள்வேலியை ஒட்டிப் போனால், முன்னால் மூச்சு வாங்கிப் பின்தங்கும் குதிரை நேராக நம் மடியில் வந்து விழும். இருபதுக்கு மேல் குதிரைகள் ஓடினால் வெளியே வரச் சந்து கிடைக்காது. அதனால் தொடக்கத்திலேயே மூன்றாவது நான்காவது இடத்தைப் பிடித்து உட்காரப் பார்ப்பேன். ட்ரெய்னருக்கு இதில் உடன்பாடில்லை. பின்னாலிருந்து கிளப்பச் சொல்கிறார். நியூபரியின் கடைசி நேர்பாதை நீளமானது, அங்கே பிடித்துவிடலாம் என்பது அவர் வாதம். சனிக்கிழமை காலையில் தரையை நடந்து பார்த்துவிட்டு இன்னொரு தடவை வாதாடுவேன்.

ஹர்டில் வெறும் மூன்றரை அடிதானே? பெரிய வேலி தாண்டும் ஸ்டீபிள்சேஸ்தானே நிஜமான ஆபத்து?

எல்லாரும் இப்படித்தான் கேட்கிறார்கள். ஸ்டீபிள்சேஸ் வேலி குறைந்தது நாலரை அடி, குதிரை அதற்கு மரியாதை கொடுக்கும். நெருங்கும்போதே காதை நிமிர்த்தி, பின்னங்கால்களில் எடையைச் சேர்த்து எழும்பும். ஹர்டில் என்பது தரையில் சாய்வாகக் குத்தி வைத்த தட்டி. இடித்தால் மடங்கும். அது குதிரைக்கும் தெரியும். அதனால் ஓட்டத்தின் வேகத்தைக் குறைக்காமல், நடையோடு நடையாகத் தாண்டிப் போய்விடப் பார்க்கும். முன்னங்கால் சிக்கினால் விழுவது அந்த முழு வேகத்தில், சுற்றிலும் நெருக்கியடிக்கும் குதிரைகளுக்கு நடுவில்.

டிம் புரூக்ஷா என்று ஒரு ஜாக்கி. எய்ன்ட்ரீ மைதானத்தில் நடக்கும் பெரிய ஸ்டீபிள்சேஸான கிராண்ட் நேஷனலில், 1959-இல், இரண்டாம் சுற்றில் பெச்சர்ஸ் புரூக் என்ற வேலியில் அவருடைய அங்கவடி (கால் வைக்கும் வளையம்) போய்விட்டது. பிடிமானமில்லாமலேயே மிச்ச வேலிகளை எல்லாம் தாண்டி இரண்டாவதாக வந்தார். உலகத்திலேயே கொடிய வேலிகள் என்று பேர் வாங்கியவை அவை. அப்பேர்ப்பட்டவரின் முதுகெலும்பை முறித்தது அதே எய்ன்ட்ரீயில் 1963 டிசம்பரில் நடந்த ஒரு ஹர்டில் பந்தயம். அடுத்த வசந்தத்தில் கிராண்ட் நேஷனலில் பேடி ஃபேரல் என்ற ஜாக்கியும் விழுந்து முடங்க, இருவருக்காகவும் திரட்டிய நிதிதான் இன்று காயம்பட்ட ஜாக்கிகள் அத்தனை பேரையும் தாங்குகிறது.

கிட்டத்து உதாரணம் 2025-இல் செல்ட்டன்ஹாம் மைதானத்தில் நடந்த சாம்பியன் ஹர்டில் பந்தயம். எல்லாரும் நம்பிய கான்ஸ்டிட்யூஷன் ஹில் என்ற குதிரை பாதியில் விழுந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த ஸ்டேட் மேன் கடைசித் தடையில் விழுந்தது. 25-க்கு 1 என்ற பந்தய விலையில், அதாவது யாரும் பெரிதாக நம்பாமல் இருந்த கோல்டன் ஏஸ் கோப்பையைக் கொண்டுபோனது.

விழும்போது என்ன நினைப்பீர்கள்?

நினைக்க நேரம் ஏது! உடம்பு தானாகச் சுருண்டுகொள்ளும். கடைசிக் குளம்புச் சத்தம் தாண்டும்வரை அசையக்கூடாது. புதுப் பையன்கள் உடனே எழுந்து ஓடப் பார்ப்பார்கள், உதை வாங்குவது அப்போதுதான்.

வெயில் அடித்தால் தடைகளை எடுத்துவிடுவார்களாமே, கேலியா?

நிஜம்தான். குளிர்காலத்தில் சூரியன் அடிவானத்தை ஒட்டியே இருக்கும். நேர்பாதையில் அது குதிரையின் கண்ணுக்கு நேராக அடித்தால் அங்குள்ள தடைகளைப் பந்தயத்திலிருந்து விலக்கிவிடுவார்கள். பாதுகாப்புக்கு நல்லதுதான், ஆனால் என்னை மாதிரி நன்றாகத் தாண்டுகிற குதிரை வைத்திருப்பவனுக்கு வயிற்றெரிச்சல். கடைசித் தடைகள் இல்லையென்றால் அது வெறும் ஓட்டப்பந்தயம், கால்வேகக் குதிரைக்குக் கொண்டாட்டம். ஆகவே சனிக்கிழமை மேகமூட்டமாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் ஆளும் ஒருவன் உண்டு.

எடைக்கு என்ன செய்கிறீர்கள்?

பட்டினி, வெந்நீர்த் தொட்டி. பந்தய மைதானங்களில் முன்பெல்லாம் நீராவி அறை இருக்கும், 2021-இல் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். சரியான முடிவு. ஆனால் 10 ஸ்டோன் 2 பவுண்டு, அதாவது சுமார் 64.4 கிலோவுக்குச் சேணத்தோடு இறங்கவேண்டிய வாரத்தில் என் மனைவியிடம் என் குணத்தைப் பற்றி யாரும் கேட்காதீர்கள்.

சாட்டையால் அடிப்பது பாவமில்லையா?

ஏழு அடிக்கு மேல் போனால் தண்டனை. நாலு அடி கூடுதலானால் ஜெயித்த குதிரையே தகுதியிழக்கும். என் பெட்டைக்கு ஒன்று காட்டினாலே போதும், இரண்டாவதுக்குக் கோபித்துக்கொண்டு வாலைச் சுழற்றுவாள்.

ஞாயிற்றுக்கிழமை?

எக்ஸிட்டரில் புதுக் குதிரைகளுக்கான ஹர்டில். வலப்பக்கச் சுற்று, மேடு பள்ளம் அதிகம். நான் ஏறுவது முதல்முறை தடை தாண்டப்போகும் நான்கு வயதுக் குட்டன். முன்பு தடைகளில் ஆரஞ்சு வண்ணம் பூசியிருப்பார்கள். குதிரைக்கு ஆரஞ்சும் புல்லின் பச்சையும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று அதே ஊர்ப் பல்கலைக்கழக ஆய்வு சொன்ன பிறகு வெள்ளைக்கு மாறினார்கள். பயிற்சித் திடலில் குட்டன் வெள்ளைப் பட்டையைப் பார்த்ததும் தேவைக்கு ஒன்றரை மடங்கு உயரம் எழும்புகிறான். அது போகப் போகச் சரியாகும். ஜெயிப்பைப் பற்றி அவனிடம் இன்னும் பேசவில்லை. கூட்டத்துக்கு நடுவில் தாண்டப் பழகட்டும் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். அவரோ சொந்தக்காரர்கள் பதினைந்து பேரை அழைத்து வருகிறாராம்.