டிராக்டர் ஆயில் கறுத்துவிட்டால் மாற்ற வேண்டுமா?

ஆயில் ஊற்றிப் பத்தே நாளில் கறுத்துவிட்டது, மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். டீசல் எரியும்போது வரும் கரியை ஆயில் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்கிறது. அந்தக் கறுப்பு அதுதான். ஆனால் ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் பால் விட்ட காபி நிறம் தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, உடனே இன்ஜினை நிறுத்துங்கள்.

நம் ஊர் வெயிலில் பெரும்பாலான டிராக்டர்களுக்கு 15டபிள்யூ-40 என்ற தடிமன் எண் கொண்ட ஆயில் சரியாக இருக்கும். அப்புறம் டப்பாவில் சிஐ-4 போன்ற தரக்குறியீட்டைப் பாருங்கள். கையேடு சொல்லும் தரத்துக்குக் கீழே போகாதீர்கள்.

ஆயில் மாற்ற லாரிக்குக் கிலோமீட்டர் கணக்கு, டிராக்டருக்கு மீட்டரில் ஏறும் மணிக்கணக்கு. கையேட்டில் 250 மணி நேரம் என்றிருந்தாலும், சேற்றுழவும் புழுதியும் அதிகமென்றால் நான் 200-லேயே இறக்கிவிடுவேன். ஃபில்டரையும் கூடவே மாற்றுங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.