2 கேவிஏ ஜெனரேட்டர் உங்கள் வீட்டுக்குப் போதுமா?

வணக்கம். 1 எச்பி தண்ணீர் மோட்டார், ஃபிரிட்ஜ், 4 ஃபேன், விளக்குகள், இவற்றுக்கு 2 கேவிஏ போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மோட்டாரோடு சேர்த்தால் போதாது.

ஓடும்போது மோட்டார் சுமார் 1,100 வாட், மற்றவை 550 வாட். இரண்டும் சேர்ந்து 1,650 வாட். கேவிஏ (ஜெனரேட்டரின் திறன் அளவு) முழுவதும் வாட்டாகக் கிடைக்காது; 2 கேவிஏவை 0.8 (பவர் ஃபேக்டர்) ஆல் பெருக்கினால் 1,600 வாட்தான். அதைவிடப் பெரிய சிக்கல், கிளம்பும் நொடியில் மோட்டார் குறைந்தது மூன்று மடங்கு இழுக்கும். அப்போது வோல்டேஜ் சரிந்தால் மோட்டார் சுற்றாமல் உறுமும்; அப்படியே விட்டால் காயில் கருகிவிடும். ஆகவே 5 கேவிஏ பாருங்கள். தொட்டியை மின்சாரம் இருக்கும்போதே நிரப்பிக்கொள்ள முடியுமென்றால் 2 கேவிஏ இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் (லோடுக்கேற்ப என்ஜின் வேகத்தை மாற்றிக்கொள்வது; பேட்டரி இன்வெர்ட்டர் அல்ல) தாராளம், எரிபொருளும் மிச்சம். என் யோசனை இதுதான்.

எதை வாங்கினாலும் சேஞ்ச்ஓவர் சுவிட்சை (வீட்டை வெளி லைனிலிருந்து துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றுவது) எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்துங்கள். பிளக் பாயின்ட் வழியாக வீட்டுக்குள் மின்சாரம் கொடுக்கவே கூடாது. அது வெளி லைனுக்கு ஏறி, கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைப் பறிக்கும்.

ஜெனரேட்டரை மழை படாத திறந்த வெளியில், ஜன்னல் கதவுகளிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகைக்குழாய் வீட்டைப் பார்க்காமல் வையுங்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும் விஷவாயு; அதற்கு வாசனையே இல்லை. பால்கனி, கார் ஷெட் இரண்டும் வேண்டாம்.

மாதம் ஒருமுறை லோடு போட்டு 20 நிமிடம் ஓட்டுங்கள். பழைய பெட்ரோல் கார்புரேட்டரை அடைத்துவிடும்.