பக்கவாதம் வந்த அப்பாவைப் படுக்கையில் எப்படித் திருப்புவது, எப்படி உட்கார வைப்பது?

பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து அரசு மருத்துவமனையில் இருக்கும் அப்பாவுக்குத் துணையாக இருப்பதாகவும், அவரைத் திருப்பவும் நாற்காலிக்கு மாற்றவும் பயமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பொது மருத்துவ வார்டில் பணிபுரியும் செவிலியராக இதற்குப் பதில் எழுதுகிறேன். நோயாளியைத் திருப்புவது, துடைப்பது, பெட்பேன் வைப்பது ஆகிய வேலைகளில் பெரும்பகுதியை நம் ஊரில் உடனிருக்கும் உறவினர்களே செய்கிறார்கள். ஆனால் அவற்றைச் செய்யும் முறையை அவர்களுக்கு யாரும் கற்றுத்தருவதில்லை என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம். ஆகவே, முதல் முறை திருப்பும்போது செவிலியரை அருகில் நிற்கச் சொல்லி, அவர் செய்துகாட்டிய பிறகு நீங்கள் செய்யுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

முதலில், செயலிழந்த கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள். அக்குளுக்கு அடியில் கைகொடுத்தும் தூக்காதீர்கள். தோள்மூட்டைப் பெரும்பாலும் தசைகளே பிடித்துவைத்திருக்கின்றன. அவை வலுவிழந்தபின் கையின் எடையே மூட்டைக் கீழிறக்கிவிடும். அந்த நிலையில் இழுத்தால் மூட்டு விலகி, மாதக்கணக்கில் நீடிக்கும் வலியாகி, பின்னாளில் செய்ய வேண்டிய பயிற்சிகளையும் தடுத்துவிடும்.

அவர் படுக்கையில் கீழே சரிந்துவிட்டால் மேலே நகர்த்த ஒரு பழைய பருத்திச் சேலை போதும். அதை மடித்துத் தோளிலிருந்து தொடை வரை அவருக்கு அடியில் விரித்துவையுங்கள். கட்டிலைத் தட்டையாக்கி, இருபுறமும் ஒருவர் நின்று, சேலையின் ஓரங்களை அவர் உடலை ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கி, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிச் சேர்ந்து நகர்த்த வேண்டும். சேலை இல்லாமல் அவரையே பிடித்து இழுத்து நகர்த்தும்போது தோல் விரிப்பில் ஒட்டி நின்றுவிட, உள்ளிருக்கும் எலும்பு மட்டும் நகர்கிறது. இடையிலுள்ள சிறு இரத்தக்குழாய்கள் முறுக்கிக்கொள்வதால் இடுப்பின் பின்புறத்தில் படுக்கைப்புண் தொடங்குகிறது.

புண் வராமலிருக்க, பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். முழுமையாக ஒருக்களித்துப் படுக்கவைத்தால் எடை முழுவதும் இடுப்பெலும்பின் மீது விழும் என்பதால், முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து ஏறத்தாழ 30 பாகை சாய்த்தால் போதும். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள். கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைக்கும் வழக்கத்தைப் பல வார்டுகளில் காணலாம். சர்வதேச வழிகாட்டுதல்கள் அதையும் வளைய வடிவ மெத்தையையும் தவிர்க்கச் சொல்கின்றன. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தபின்னும் வெளுக்கவில்லையென்றால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். அங்கே தேய்த்துவிடக் கூடாது. நம்மைப் போன்ற கருநிறத் தோலில் சிவப்பு தெரியாமலே போகலாம் என்பதால், அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ வலியோடோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது மிக முக்கியம்.

உட்காரவைக்கலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு, சக்கர நாற்காலியை அவருடைய வலுவான இடப்பக்கம் நிறுத்தி, பிரேக் போட்டு, கால்பலகைகளை மடக்கிவிடுங்கள். சிறுநீர்க்குழாய் இருந்தால் முதலில் பையை நகர்த்துங்கள். அது எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழேயே இருக்க வேண்டும், தரையில் படக் கூடாது. கட்டிலின் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டுச் சில நிமிடங்கள் உட்காரவைத்து, தலைசுற்றல் இல்லையென்று அவர் சொன்ன பிறகே எழுப்புங்கள். எழும்போது அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலுவிழந்த முழங்கால் மடங்காதபடி உங்கள் முழங்காலால் முட்டுக்கொடுங்கள்.

இவை எதையும் தனியாகச் செய்யாதீர்கள். நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவர் தாங்கும் எடை, நிலைமை சாதகமாக இருந்தாலும், ஏறத்தாழ 16 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது 2007-இல் அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வாளர்கள் வகுத்த வரம்பு. உங்கள் முதுகு பிடித்துக்கொண்டால் அப்பாவைக் கவனிக்க ஆள் இருக்காது.

விழுங்கும் திறனைச் சோதிக்கும் வரை வாய்வழியாகத் தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம்.

வீடு திரும்பிய பின்னும் இதே கவனிப்பு தொடர வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வந்து அளிக்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைப் பற்றிக் கேட்டுவையுங்கள்.