செத்த காலேஜில் ஒரு சாமி – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை வந்திருந்தோம். மதியம் கொஞ்சம் நேரம் கிடைத்தது. எட்டு வயது மகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்தை இருபது நிமிடத்தில் சுற்றிவிட்டோம். வெளியே வரும்போது, "இந்த சாமிக்கெல்லாம் யாரும் பூ வைக்க மாட்டாங்களாப்பா?" என்று கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன்.

அப்புறம் ஊருக்குத் திரும்பும் ரயிலில் ஒரு கட்டுரை படித்தேன். அருங்காட்சியகங்கள் மக்களைப் பண்பாட்டோடும் வரலாற்றோடும் சமூக நீதியோடும் இணைக்க வேண்டுமாம். முதல் இரண்டு சரி. ஆயிரம் வருடத்துச் சிலைக்கும் சமூக நீதிக்கும் என்ன சம்பந்தம்? எல்லாவற்றிலும் இந்த வார்த்தையை ஒட்டிவிடுவது இப்போதைய வழக்கம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?

ர.,
திருச்சி

*

அன்புள்ள ர.,

உங்கள் சந்தேகம் நியாயமானது. வாசலில் பெரிய எழுத்தில் நீதி, சமத்துவம் என்று எழுதிவிட்டு, உள்ளே எல்லாவற்றையும் பழையபடியே அடுக்கிவைத்தால் அது வெறும் வாசல் கோலம். அப்படிப்பட்ட கண்காட்சிகளும் நிறைய நடக்கின்றன.

ஆனால் 1992இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் புகைப்படங்களில் பார்த்ததுதான். ஃபிரெட் வில்சன் என்ற கறுப்பினக் கலைஞரை அழைத்து, மேரிலாந்து வரலாற்றுக் கழகத்தின் சேமிப்பு அறைகளைத் திறந்துவிட்டார்கள். வில்சன் இளமையில் அருங்காட்சியகக் காவலராக வேலை பார்த்தவர். அவர் புதிதாக ஓவியம் எதுவும் வரையவில்லை. அங்கே கிடந்த பொருட்களை இடம் மாற்றி வைத்தார், அவ்வளவுதான்.

ஒரு கண்ணாடிப் பெட்டியில் வேலைப்பாடு மிகுந்த வெள்ளிக் கூஜாக்கள், கோப்பைகள். அவற்றின் நடுவே அடிமைகளின் காலில் மாட்டிய இரும்பு விலங்கு. கீழே குறிப்பு: 'உலோக வேலைப்பாடு, 1793–1880'. வேறு ஒரு சொல் இல்லை. இன்னொரு அறையில் அலங்கார நாற்காலிகள் வட்டமாக, ஏதோ கச்சேரி கேட்பது போல. அவை பார்த்துக்கொண்டிருப்பது ஆட்களைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்த ஒரு மரக்கம்பத்தை. குறிப்பு: தச்சு வேலை. வேறொரு இடத்தில் நெப்போலியன், அமெரிக்க அரசியல்வாதிகளான ஆண்ட்ரூ ஜாக்சன், ஹென்றி கிளே ஆகிய மூவரின் மார்பளவுச் சிலைகள். மூவருமே மேரிலாந்துக்காரர்கள் இல்லை. பக்கத்தில் மூன்று வெற்றுப் பீடங்கள். அவற்றில் ஹாரியட் டப்மன், ஃபிரடெரிக் டக்ளஸ், பெஞ்சமின் பன்னேக்கர் என்று பெயர் மட்டும். மூவரும் அந்த மண்ணில் பிறந்த புகழ்பெற்ற கறுப்பினத்தவர்கள். அவர்களுக்கு வைக்கக் கழகத்திடம் சிலை இல்லை.

எனக்குப் பிடித்தது, அந்தக் குறிப்புகளில் கோபமே இல்லை என்பது. பொய்யும் இல்லை. விலங்கும் உலோக வேலைதானே! இரண்டும் அதே கட்டடத்தில்தான் இருந்தன. வெள்ளி மேலே கண்ணாடிக்குள், இரும்பு உள்ளே இருட்டில். சமூக நீதி என்ற சொல்லை வில்சன் எங்கும் ஒட்டவில்லை. எதன் பக்கத்தில் எதை வைப்பது என்பதை மட்டும் மாற்றினார்.

சரி, எழும்பூருக்கு வருவோம். பழைய சென்னைக்காரர்கள் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்பார்கள். மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ். அது முதலில் தொடங்கியதும் மியூசியம் வளாகத்தில்தான், பிறகுதான் இடம் மாறிப் போனது. என் அப்பா கடைசிவரை 'மியூசியம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்களும் போய்வந்த காலேஜ் அது.

நீங்கள் பார்த்த திருமேனிகளில் பெரும்பாலானவை உற்சவ மூர்த்திகள். பீடத்தில் துளைகளும் வளையங்களும் இருந்திருக்குமே, கவனித்தீர்களா? கழி நுழைத்தும் கயிறு கட்டியும் தூக்கிப் போவதற்கானவை. மூலவர் கல், இடம் விட்டு நகர மாட்டார். உள்ளே வர முடியாதவர்களுக்காகச் சாமியே தெருவுக்கு வருகிறார் என்று என் பாட்டி சொல்வாள். எந்தத் தெருவுக்கு என்று நான் கேட்டதில்லை. மாடவீதிகள் நான்கையும் சுற்றிவிட்டுத் திரும்பிவிடும். சேரிப் பக்கம் போகாது. நந்தனாருக்காகத் திருப்புன்கூரில் நந்தி விலகியது என்பது நாம் எல்லோரும் கேட்ட கதை. அந்தக் கதையிலும் நந்திதான் விலகியது, வாசலில் நின்ற மனிதர்கள் விலகவில்லை.

மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களை வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றது 1939 ஜூலை 8இல். எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. படையெடுப்புக்குப் பயந்து மண்ணில் புதைத்துவைத்த திருமேனிகள் வயலிலோ வீட்டு மனையிலோ தோண்டும்போது கிடைக்கும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அதைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த வழியில் பல எழும்பூருக்கு வந்தன. 1932இலேயே அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் கிரேவ்லியும் டி. என். ராமச்சந்திரனும் அங்கிருந்த இந்து உலோகத் திருமேனிகளுக்கு ஒரு விரிவான பட்டியல் வெளியிட்டுவிட்டார்கள். அதாவது, ஊர்க் கோயிலில் எந்தச் சாமியை ஒருவர் கோபுரத்துக்கு வெளியே நின்றுதான் கும்பிட முடிந்ததோ, அதே சாமியைச் செத்த காலேஜில் அவர் இரண்டடி தூரத்தில் நின்று பார்த்திருக்கலாம். வெள்ளைக்காரன் இதை மனதில் வைத்துக் கட்டவில்லை. அவனுக்கு அது சேகரிப்பு. ஆனாலும் நடந்தது நடந்ததுதான்.

நீங்கள் கேட்ட சம்பந்தம் இதுதான். அது சிலைக்குள்ளேயே இருக்கிறது, வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்ட வேண்டியதில்லை. நம் ஊர் அருங்காட்சியகங்களில் பொதுவாக ஒரு சிலைக்குக் கீழே பெயர், நூற்றாண்டு, கிடைத்த ஊர் என்று எழுதியிருப்பார்கள். நான்காவதாக ஒரு வரி எழுதலாம்: 'இது வழிபாட்டில் இருந்தபோது இன்னின்னார் அருகில் வந்து பார்க்க அனுமதி இல்லை.' வில்சன் வைத்த விலங்கு போலத்தான் அந்த வரியும். சிலையின் அழகு ஒரு துளி குறையாது. கூஜாவின் அழகும் குறையவில்லையே.

மகளின் கேள்வியை மறக்கவில்லை. யாரும் பூ வைக்க மாட்டார்கள் என்று நேராகவே சொல்லியிருக்கலாம். அதில் ஒரு இழப்பு இருக்கிறது, இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒருமுறை அந்தக் கூடத்தின் வாசலில் ஒரு வயதான அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனதைப் பார்த்திருக்கிறேன். வெளியே வந்து மறுபடி போட்டுக்கொண்டார். அவருக்கு அது காலேஜ் இல்லை.

ஆனால் பூ வைத்தால் மறைந்துபோவதும் உண்டு. கோயிலில் பட்டும் மாலையும் போக முகம்தான் நமக்கு மிஞ்சும். உடம்பு முழுக்க எப்படி வார்த்திருக்கிறான் என்பது அர்ச்சகருக்கு மட்டுமே தெரியும். அடுத்த முறை போகும்போது திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் அவளை நிறுத்திக் கைகளை எண்ணச் சொல்லுங்கள். மொத்தம் மூன்று. சிவன் பக்கம் இரண்டு, உமை பக்கம் ஒன்று. பாதிப் பாதி என்றால் ஏன் அந்தப் பக்கம் மட்டும் இரண்டு கை என்று கேட்பாள். அதையும் சமாளிக்க வேண்டியிருக்கும்.