ஹல் மேயர் தேர்தலில் தங்களுக்கும் வாக்குண்டு

வணக்கம். மாணவர் விசாவில் இங்கிலாந்தின் ஹல் நகரில் வசிக்கும் இந்தியக் குடிமகனான தங்களுக்கு, ஹல், கிழக்கு யார்க்‌ஷயர் வட்டாரத்தின் முதல் மேயரைத் தேர்ந்தெடுக்க 2025 மே 1 அன்று நடைபெற்ற தேர்தலில் வாக்குரிமை இருந்ததா என்று கேட்டிருந்தீர்கள். நிச்சயமாக இருந்தது, காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் அவ்வுரிமை கிடைக்கிறது. ஆனால் அத்தேர்தலுக்கு ஏப்ரல் 11 நள்ளிரவுக்குள் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும்.

வாக்குச்சாவடியில் அடையாளச் சான்றாகப் பல்கலைக்கழக அட்டையை ஏற்கமாட்டார்கள். கடவுச்சீட்டை எடுத்துச் செல்லுங்கள். 2024 உள்ளாட்சித் தேர்தலில் அலுவலர் எனது நீலநிறக் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு, பட்டியலில் என் பெயர்மேல் அளவுகோல் வைத்துக் கோடிழுத்து வாக்குச்சீட்டைத் தந்தபோது உண்மையிலேயே நெகிழ்ந்துபோனேன்.

மேயர் வந்தாலும், ஹல் நகருக்கும் கிழக்கு யார்க்‌ஷயருக்கும் உரிய இரு உள்ளாட்சி மன்றங்களும் தொடர்ந்து இயங்கும். போக்குவரத்து, திறன் பயிற்சி போன்றவையே மேயரின் பொறுப்பு என்பதால், பேருந்தை நம்பியிருக்கும் மாணவர்கள் இத்தகைய தேர்தலைத் தவறவிடக் கூடாது.