சம்பளம் இருக்கிறது, சாவி எங்கே?

ஒஹாயோவில் வீட்டுக் கடன் கோப்புகளைச் சரிபார்ப்பது என் வேலை. அமெரிக்காவில் இளைஞர்களால் இன்னும் வீடு வாசல் என்று காலூன்ற முடிகிறதா என்று பலர் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அமெரிக்கக் கனவு என்றாலே சொந்த வீடுதானா?

முதலில் அப்படி இல்லை. 1931இல் அந்தச் சொல்லைப் பிரபலமாக்கிய ஜேம்ஸ் டிரஸ்லோ ஆடம்ஸ், வெறும் காரும் சம்பளமும் அல்ல, எந்தக் குடும்பத்தில் பிறந்தாலும் திறமைக்கேற்ப உயரலாம் என்பதுதான் கனவு என்றார். இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த வீரர்களுக்கு அரசு உத்தரவாதத்தில் கடன் கிடைத்து, லெவிட்டவுன் போன்ற குடியிருப்புகள் முளைத்த பிறகுதான் கனவுக்குக் கூரையும் புல்தரையும் வந்தன. அங்கேயும் கறுப்பினத்தவருக்கு வீடு விற்கவில்லை. 'அந்தக் காலம் பொற்காலம்' என்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

1981இல் வட்டி 18 சதவீதம். எங்கள் தலைமுறை வாங்கவில்லையா? இப்போது அதில் பாதிகூட இல்லாத வட்டிக்கே ஏன் இந்தப் புலம்பல்?

வட்டி உண்மைதான் சார். ஆனால் அன்றைக்கு ஒரு நடுத்தர வீட்டின் விலை சுமார் மூன்றரை வருடக் குடும்ப வருமானம். இன்று கிட்டத்தட்ட ஐந்து வருட வருமானம். அப்புறம் வட்டி இறங்க இறங்க, நீங்கள் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொண்டீர்கள்.

4 லட்சம் டாலர் வீட்டுக்கு 80,000 கையிலிருந்து போட்டால், மீதி 3,20,000 கடன். முப்பது வருடத்துக்கு 3 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 1,350 டாலர். 7 சதவீதத்தில் 2,130. அதே வீடு, அதே சமையலறை. 2021இல் 3 சதவீதத்துக்கும் கீழே கடன் வாங்கியவர் அதை விட்டுவிட்டு, கூடுதல் வட்டியில் புதுக் கடன் வாங்க வீட்டை விற்பாரா? மாட்டார். அதனால் சந்தைக்கு வரும் வீடும் குறைவு.

நல்ல வேலையில் இருக்கும் இளைஞர்கள் பிறகு எப்படித்தான் வாங்குகிறார்கள்?

என் மேசைக்கு வந்த ஒரு கோப்பைச் சொல்கிறேன். மனைவி நர்ஸ், கணவர் எலெக்ட்ரீஷியன். சம்பளச் சீட்டுகள் சுத்தம். வங்கிக் கணக்கில் மாதா மாதம் 400, 300 என்று சேமிப்பு. நடுவில் திடீரென்று ஒரு நாள் 25,000. பின்னாலேயே ஒரு கடிதம்: 'இது அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டியதில்லை.' கீழே பெண்ணின் அப்பா கையெழுத்து. நாங்கள் இதை கிஃப்ட் லெட்டர் என்போம். இப்போது இளையவர்களின் கோப்புகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

எனக்கு உறுத்துவது இதுதான். எங்கே பிறந்தாலும் உயரலாம் என்றார் ஆடம்ஸ். இப்போது அப்பாவுக்கு வீடு இருந்தால் பிள்ளைக்கும் வீடு. தமிழ் வேர் கொண்ட பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியின் குழு கணக்குப் போட்டது: 1940இல் பிறந்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள், 1980களில் பிறந்தவர்களில் பாதிப்பேர்தான்.

வீட்டு விலையில் 20 சதவீதம் கையில் இல்லாவிட்டால் முடியாதா?

முடியும். எஃப்எச்ஏ என்ற அரசுக் காப்பீடு உள்ள கடனுக்கு கிரெடிட் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுவதற்கான மதிப்பெண்) 580 இருந்தால் 3.5 சதவீதம் போதும். காப்பீட்டுக் கட்டணம் கூடவே வரும், அதையும் கூட்டிப் பாருங்கள்.

படிப்புக் கடன் பாக்கி இருக்கிறது. தருவார்களா?

தருவார்கள். ஆனால் அந்தத் தவணையையும் கழித்துத்தான் உங்கள் தகுதியைப் பார்ப்பார்கள். தள்ளுபடி வரும் என்று காத்திருக்காதீர்கள். பைடனின் பெரிய திட்டத்தை 2023இல் உச்ச நீதிமன்றமே ரத்து செய்துவிட்டது.

என் மகள் நியூஜெர்சியில் எச்1பி விசாவில் இருக்கிறாள். வாடகை வீண் என்கிறாள். வாங்கச் சொல்லலாமா தம்பி? (கோயம்புத்தூரிலிருந்து)

வாங்கச் சட்டத்தில் தடையில்லை அம்மா. எஃப்எச்ஏ மட்டும் 2025 மே மாதத்திலிருந்து தற்காலிக விசாக்காரர்களுக்குக் கிடையாது. மற்ற வங்கிக் கடன்கள் உண்டு. ஆனால் வேலை போனால் வேறு வேலை தேட அவளுக்கு அதிகபட்சம் 60 நாள். அதற்குள் வீட்டை விற்று முடிப்பது சிரமம். ஆறு மாதத் தவணையைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாளா என்று கேளுங்கள். இல்லையென்றால் இந்த வருடம் வாடகையே இருக்கட்டும்.