கட்டைகளைப் பிடுங்கலாமா?

கேள்வி: என் 7 வயது மகனுக்கு ஆட்டிசம். நாள் முழுக்க லெகோ கட்டைகளோடுதான் இருப்பான். அரியமான் கடற்கரைக்குப் போனால் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறான். மாமியார் கட்டைகளைப் பிடுங்கி வைக்கச் சொல்கிறார். என்ன செய்ய?
- ஒரு தாய், மண்டபம்

பதில்: பிடுங்காதீர்கள் அம்மா, அவனை வெளியே கூட்டிப்போக உங்களுக்கு இருக்கும் நல்ல வழியே அதுதான். அமெரிக்க உளவியலாளர் டேனியல் லெகாஃப் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் மற்றவர்களோடு பழக லெகோ எப்படி உதவும் என்று 2004-இல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். அந்த முறையில் ஒருவர் படத்தைப் பார்த்து எந்தக் கட்டை என்று சொல்ல, இன்னொருவர் தேடி எடுத்துக் கொடுக்க, மூன்றாமவர் பொருத்த வேண்டும், அப்புறம் ஆள் மாற வேண்டும். ஒருவரையொருவர் கவனிக்காமல் வேலை நடக்காது. கட்டை எடுத்துக் கொடுக்க மாமியாரையே உட்கார வையுங்கள்!

பாம்பன் பாலத்தைக் கட்டச் சொல்லுங்கள். 1914-இல் திறந்த பழைய பாலம் முன்பெல்லாம் கப்பலுக்காக இரண்டாகப் பிளந்து தூக்கும். 2025-இல் திறந்த புதியதில் நடுப்பகுதி மொத்தமும் லிஃப்ட் மாதிரி நேராக மேலே எழும்பும். இந்த மாதிரி விஷயம் பல பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். பிறகு நிஜப் பாலத்தைக் காட்டப் போங்கள், வார நாளில், விடிந்ததுமே. ஞாயிறும் அமாவாசையும் வேண்டவே வேண்டாம். சத்தம் குறைக்கும் ஹெட்போனோடு, நாலைந்து கட்டைகளையும் கீழே விரிக்க ஒரு துண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். மணலில் கொட்டினால் இடுக்கில் மணல் ஏறிப் பொருந்தாது, அதற்கே ஒரு அழுகை வரும்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. தண்ணீரைக் கண்டதும் அதை நோக்கி ஓடும் பழக்கம் இந்தப் பிள்ளைகளில் பலருக்கு உண்டு, அதனால் பெரியவர் ஒருவர் செல்போனைத் தொடாமல் அவனை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பத்து நிமிடத்திலேயே வீட்டுக்கு என்கிறானா? சரி, கிளம்பிவிடுங்கள்.